விஜயபூபதி போற்றத்தக்கவனே

இந்தப் பை காலை இடிக்குதா சார்? குடுங்க, மடியில வச்சுக்குறேன். சேலைதான். பட்டு இல்ல, சுங்குடி. பட்டு எடுத்தா பொட்டியில பூட்டி வச்சிருவாங்க, கட்ட மாட்டாங்க. யாருக்கா? சொந்தக்காரங்க ஒருத்தங்களுக்கு. ஆலங்குளத்துல இறங்கணும். நான் பேச ஆரம்பிச்சா ஊரு வந்தது போனது தெரியாது. ஆலங்குளம் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிருங்க, புண்ணியமாப் போகும்.

ஆமா சார், நான்தான். தலையில துண்டைச் சுத்தியும் கண்டுபிடிச்சுட்டீங்க பாருங்க. இந்தக் குரல் இருக்கே, அது காட்டிக் குடுத்துரும். பேச்சுத்தென்றல் பால்வண்ணன். டிவியில பார்க்கிறதை விட நேர்ல கொஞ்சம் கறுப்புதான், அங்க பவுடர் போட்டு விடுறாங்க. கார் இருக்கு சார். நேத்து செங்கோட்டையில கூட்டம், இன்னைக்கு ரெண்டு மணிக்குத் திருநெல்வேலியில சித்திரைப் பிறப்புக்கு டிவி ரெக்கார்டிங். மத்த பேச்சாளர்களைக் கார்ல முன்னால அனுப்பிட்டு நான் பஸ் ஏறினேன். ஆலங்குளத்துல அந்தத் தெருவுல கார்ல போய் இறங்கினா கூட்டம் கூடிரும். யாரு வீட்டுக்கு வந்தாரு, என்ன உறவுன்னு ஆளுக்கு ஆள் கேப்பாங்க. ஊரு வாயை மூட உலைமூடி இருக்கா?

உங்களைப் பார்த்தா நாலு விஷயம் தெரிஞ்சவரா இருக்கீங்க. ஒரு நியாயம் கேக்குறேன். ‘பன்னிரண்டு ஜன்னல் பங்களா’ படிச்சிருக்கீங்களா? பழைய தொடர்கதை சார். எழுதினவர் பேரு கூட இப்ப யாருக்கும் ஞாபகமில்ல, ஆனா விஜயபூபதியை மட்டும் மறக்க மாட்டாங்க. இட்லிக்காரி மகன். நெசப் பேரு சுடலை. ஊரை விட்டு ஓடிப்போயி, கள்ளப் பத்திரம் எழுதி, கப்பல்ல என்னென்னவோ கடத்தி, கோடீஸ்வரனாத் திரும்பி வர்றான். வந்தவன் என்ன சொல்றான்? நான் ஜமீன் வாரிசு, தாய் தகப்பன் கடல்ல போயிட்டாங்கங்கிறான். மலை மேல பன்னிரண்டு ஜன்னல் வச்சு ஒரு பங்களா கட்டுறான். பள்ளிக்கூடம் கட்டுறான், பஞ்சத்துல மூணு மாசம் ஊருக்கே பங்களாவுல வச்சு சோறு போடுறான். அவனைப் பெத்தவ அதே மலை அடிவாரத்துல இட்லி வித்துக்கிட்டு இருக்கா. பந்தி நடக்குற ஒரு நாள் மகனைப் பார்க்க வாசலுக்கு வர்றா. காவக்காரன் விரட்டுறான். இவன் ஜன்னல்ல நின்னு பார்க்குறான். பார்த்துட்டு திரையை இழுத்து விட்டுடுறான். கடைசியில போலீஸ் வளைக்குது, தன்னையே சுட்டுக்கிட்டுச் சாகுறான். ஊரே அழுவுது.

இவன் போற்றத்தக்கவனா, தூற்றத்தக்கவனா? இதான் இந்தத் தை மாசத்துல இருந்து எங்க பட்டிமன்றத் தலைப்பு. பன்னிரண்டு ஊருக்குத் தேதி குடுத்திருந்தோம். நடுவர் பேராசிரியர் ஞானசிகாமணி. எதிரணிக்கு லூர்துமேரி டீச்சர், நல்ல கட்டைக் குரல், அந்தம்மா கேள்வி கேட்டா மைக்கே நடுங்கும். போற்றத்தக்கவனேங்கிற அணிக்கு நான்.

தீர்ப்பா? உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன சார், தீர்ப்பெல்லாம் கார்லயே பேசி வச்சுக்குறதுதான். போற்றத்தக்கவனேன்னு முடிச்சாத்தான் ஜனம் சந்தோஷமா வீட்டுக்குப் போகும். பதினொரு ஊர்லயும் நான்தான் ஜெயிச்சேன். பன்னிரண்டாவது ஊர்ல அந்த மனுஷன் பேச்சு மாறிட்டாரு. என் மனசு ஆறவேயில்ல. அதான் கேக்குறேன்.

என் வாதம் சுலபம். பொய் சொன்னான், யாருக்கு நஷ்டம்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னா, ஒரு பொய் சொல்லி ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவனைத் தூற்றலாமா? சுடலைன்னு சொல்லியிருந்தா அவன் கட்டின பள்ளிக்கூடத்துல ஒருத்தனாவது பிள்ளையைச் சேர்த்திருப்பானா? இந்த ஊரு நெசத்துக்கு என்னைக்கு மாலை போட்டிருக்கு? இதுக்கே கைதட்டல் பிச்சுக்கும். ஆனா முடிக்கிறது எப்பவும் எங்க அம்மாவை வச்சுத்தான்.

குரலைக் கீழ இறக்கிருவேன். “எனக்கும் ஒரு அம்மா இருந்தா. பீடி சுத்தி என்னைப் படிக்க வச்சா. நான் காலேஜ் படி ஏறின அன்னைக்கு, தட்டு மடியில இருக்க, அப்படியே சாஞ்சுட்டா. பொய் சொல்லியாவது ஒரு பங்களா கட்டி அவளை உட்கார வச்சிருக்கக் கூடாதான்னு இன்னைக்கும் அழுறேன்.” அவ்வளவுதான் சார். அதுக்கு மேல லூர்துமேரி டீச்சர் என்ன பேசினாலும் எடுபடாது. முன் வரிசையில மூக்கை உறிஞ்சுற சத்தம் மேடைக்குக் கேக்கும்.

அம்மாவா? எனக்கு அவங்க முகமே தெரியாது சார். ரெண்டு வயசுல போயிட்டாங்க. வளர்த்தது அக்கா. ஆவுடை அக்கா. அப்ப அவளுக்குப் பதிமூணு வயசு. பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு இடுப்புல நானும் மடியில பீடித் தட்டுமா உட்கார்ந்தவ. பொண்ணு கேட்டு வந்தவனெல்லாம் ‘தம்பியை என்ன செய்யப் போற’ன்னு கேட்டான். அவ ஒருத்தனையும் கட்டிக்கல. இந்த விஜயபூபதி கதையே அவளுக்கு நான் சத்தமா வாசிச்சுக் காட்டினதுதான். சுத்துற கைக்கு ஓய்வு கிடையாது, காது சும்மாதான இருக்கு, வாசில பாலும்பா. கதை முடிஞ்ச அன்னைக்கு நான் தேம்பித் தேம்பி அழுறேன். அவ நூலைப் பல்லுல கடிச்சு அறுத்துட்டு, “ஏல, அந்த பங்களாவுல அம்புட்டு பேரும் சாப்ட்டாவளே, அவன் ஆத்தா அன்னைக்கு எங்க சாப்ட்டா?”ன்னு கேட்டா. அது கதையில இல்லக்கான்னேன். அதோட விட்டுட்டா.

நீங்க கேக்க வர்றது புரியுது. அக்கான்னே சொல்லலாமேன்னுதான? சொல்லிப் பார்த்தேன் சார், முந்தி வேற தலைப்புல, ரெண்டு ஊர்ல. அக்கான்னா கைதட்டல் பாதிதான் வருது. அம்மான்னாத்தான் நெஞ்சுல இறங்குது. அப்புறம், உயிரோட இருக்காங்கன்னா, எங்க இருக்காங்க, உங்க கூடவான்னு எவனாவது எந்திரிச்சுக் கேப்பான். செத்துட்டாங்கன்னா கேக்க மாட்டான். இது தொழில் சார். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

பாவூர்சத்திரம் வந்துருச்சா? நல்லது, இன்னும் நேரம் இருக்கு.

வினை எங்க இருந்து வந்துச்சுன்னா, பொங்கலுக்கு டிவிக்காரங்க மதுரையில என் வீட்டுக்குப் பேட்டி எடுக்க வந்தாங்க. வீட்டுப் பேரு ‘தாய்நிழல்’. மாடியோட ரெண்டு கட்டு, போர்டிகோ, தேக்குக் கதவு. ஒரு புள்ளை, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா படத்துக்கு முன்னால நின்னு பேசுங்க சார்ங்குது. படத்துக்கு எங்க போவேன்? எங்கம்மாவை யாரு படம் எடுத்தா? நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, அலமாரியைக் குடைஞ்சா, அக்கா பீடித் தொழிலாளி அட்டைக்கு எடுத்த படம் ஒண்ணு கிடைச்சுது. நாப்பது வயசுப் படம். அதைப் பெருசு பண்ணி, சட்டம் போட்டு, ஹால்ல மாட்டினேன். வெறும் படமா மாட்டினா செத்தவங்கன்னு யாரு நம்புவா? சந்தன மாலை போட்டு, பக்கத்துல ஒரு சின்ன பல்பும் எரிய விட்டேன்.

என்ன சார் அப்படிப் பார்க்குறீங்க? ஒரு நாள் கூத்துக்குத்தான். பேட்டி முடிஞ்சதும் கழட்டிரலாம்னுதான் இருந்தேன்.

பேட்டி வந்த மறுநாள் அவளே போன் பண்ணினா. சிரிக்கிறா சார். “ஏல பாலு, எம் படத்துக்கு மாலை போட்டு வச்சிருக்கியாம்லா? பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் ஓடியாந்து என் கையைக் கிள்ளிப் பாக்கா.” கோவமே படல. தெருவுல பிள்ளைக எல்லாம் செத்துப்போன ஆச்சின்னு கூப்பிடுதுகளாம், அதையும் சொல்லிச் சிரிக்கிறா. அப்புறம் மெதுவாச் சொன்னா. “ஒரே ஒரு சோலி செய்யில. அந்த மாலையக் கழட்டிரு. ஒரு மேடையிலயாது எங்க அக்கா வளத்தான்னு சொல்லிரு. பேரெல்லாம் வேண்டாம். எங்க அக்கான்னு சொன்னாப் போதும்.”

அவ என்கிட்ட வாயைத் திறந்து கேட்டது அது ஒண்ணுதான் சார், இத்தனை வருஷத்துல. எனக்கும் நெஞ்சு கலங்கிருச்சு. மாசி மாசம் தென்காசியில ஒரு காலேஜ்ல கூட்டம் இருக்கு, காலையில பத்தரை மணிக்கு, நீயே வா, உன் காதால கேளுன்னேன். சத்தியமா மனசார சொன்னேன். மாலையோட படத்தையும் கழட்டிட்டேன். ஆனா சுவத்துல அந்த இடம் மட்டும் மொட்டையாத் தெரிஞ்சுது. வர்றவங்க எல்லாம் எங்க சார் அம்மா படம், எங்க சார் அம்மா படம்னு கேட்டு, வேற வழி இல்லாம திரும்ப மாட்டிட்டேன்.

மதுரைக்கு வந்து என்கூட இருக்கச் சொல்லலாமேன்னா, எப்படி சார்? ஹால்ல மாலையோட தொங்குறாங்க, அடுப்பங்கரையில காப்பி போடுறாங்கன்னா வர்றவன் பயந்துர மாட்டானா?

தென்காசிக் கூட்டம். அதான் பன்னிரண்டாவது ஊரு. அரங்கம் நிறைஞ்சு பிள்ளைக படியில உட்கார்ந்திருக்கு. நான் மேடையில இருந்து பார்க்குறேன், ரெண்டாவது வரிசை ஓரத்துல அவ. மஞ்சச் சேலை, தலையைப் படிய வாரி, பூ வச்சிருந்தா. கையில ஒரு மஞ்சப் பை. என்னைப் பார்த்ததும் லேசாத் தலையை ஆட்டினா, நான் ஒப்பிக்கப் போற பாட்டுக்கு டீச்சர் தைரியம் சொல்ற மாதிரி.

என் முறை வந்துச்சு. எல்லாம் சரியாப் போகுது. ஆயிரம் பேருக்குச் சோறு, பள்ளிக்கூடம், கைதட்டல். முடிக்கிற இடத்துக்கு வந்துட்டேன். குரலைக் கீழ இறக்கினேன். “எனக்கும் ஒரு...”ன்னு சொல்லி நிறுத்துறேன். கூட்டம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அவ முன்னால சாஞ்சு உட்கார்ந்துட்டா. நாக்கு நுனியில அக்காதான் சார் இருந்துச்சு. ஒரு பக்கம் முன் வரிசையில பிரின்சிபால் கர்ச்சீப்பைக் கையில எடுத்து ரெடியா வச்சிருக்காரு, பேட்டி பார்த்தவரு போல. கேமரா ஓடுது. இப்ப அக்கான்னு சொன்னா, அப்ப போட்டோவுல இருக்கிறது யாருன்னு ஒரு கேள்வி வருமா வராதா? பதினொரு ஊரு பேசின வாய் சார் இது. அதுவாப் போய் “அம்மா இருந்தா”ன்னு முடிச்சிருச்சு. நான் சொல்லல, வாய் சொல்லிருச்சு. சரி, ஆரம்பிச்சாச்சு, பாதியில நிறுத்த முடியுமா? தட்டு மடியில இருக்க அப்படியே சாஞ்சுட்டான்னு முழுசையும் சொல்லிட்டுத்தான் உட்கார்ந்தேன். கைதட்டல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு.

அவ கைதட்டல. பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

இந்த ஞானசிகாமணி தீர்ப்புக்கு முன்னால, கூட்டத்துல இருந்து ஒருத்தர் பேசலாம்பாரு. அது வழக்கம். எவனாவது ஒரு பையன் எந்திரிச்சு உளறுவான், சிரிச்சுட்டு விட்டுருவோம். அன்னைக்கு அவ எந்திரிச்சா. ஒரு புள்ளை மைக்கைக் கொண்டுபோய்க் குடுத்துச்சு. நான் நடுவர் பக்கம் திரும்பி, நேரமாச்சு ஐயான்னு கண்ணைக் காட்டுறேன், அந்த மனுஷன் பார்க்கவே இல்ல.

“ஐயா, நான் படிச்சவ இல்ல. இந்தக் கதைய ஒரு பய வாசிக்க, பீடி சுத்திக்கிட்டே கேட்டவ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. அந்த பங்களாவுல அம்புட்டு பேரும் சாப்ட்டாவளே, அவன் ஆத்தா அன்னைக்கு எங்க சாப்ட்டா?”

அரங்கமே தட்டுச்சு சார். லூர்துமேரி டீச்சர் எந்திரிச்சு நின்னு தட்டுறா. ரெண்டு மாசமா அந்தம்மா கேட்ட எந்தக் கேள்விக்கும் இப்படித் தட்டினது இல்ல. நடுவர் என் பக்கம் திரும்பி, “பால்வண்ணன், பதில் சொல்லுங்க”ங்கிறாரு. இருபத்தெட்டு வருஷமாப் பேசுறேன். “அதுக்கு நூல்ல ஆதாரம் இல்ல”ன்னேன். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது.

அதோட விட்டிருக்கலாம்ல இந்த மனுஷன்? தாயே, உங்க பேரு என்ன, எந்த ஊருன்னு கேட்டாரு. அவ நேரா என்னைப் பார்த்தா. செத்தோம்டா பாலுன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை, பால்வண்ணன் அக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா என் கதை முடிஞ்சுது. கேமரா அவ மூஞ்சி மேல நிக்குது. அவ என்ன சொன்னா தெரியுமா?

“எனக்குப் பேரு எதுக்குய்யா. நான் செத்துப்போனவ. படத்துக்கு மாலையெல்லாம் போட்டாச்சு.”

கிழவி வேடிக்கையாப் பேசுறான்னு எல்லாரும் சிரிச்சாங்க. அவ மைக்கைப் பதனமாத் திருப்பிக் குடுத்துட்டு உட்கார்ந்துட்டா. அப்பக் கூட என்னைக் காட்டிக் குடுக்கல சார்.

ஆனா ஞானசிகாமணி செஞ்சாரு பாருங்க ஒரு அநியாயம்! இந்தத் தாய்க்கு விஜயபூபதியால பதில் சொல்ல முடியாது, அதனால தூற்றத்தக்கவனேன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. கார்ல பேசினது என்ன, மேடையில சொன்னது என்ன? பேச்சு சுத்தம் வேண்டாமா ஒரு மனுஷனுக்கு? நம்பிக் கூடவே வந்தவனை நாலு பேர் முன்னால கவுத்து விட்டா அதுக்குப் பேரு என்ன? நீங்களே சொல்லுங்க.

அவளையா? பார்க்கணும்னுதான் இருந்தேன். மேடையை விட்டு இறங்கினதும் பிரின்சிபால் கையைப் பிடிச்சு ரூமுக்குக் கூட்டிப் போயிட்டாரு. வாழையிலை போட்டு, கூட்டு, அவியல், ரெண்டு பாயசம். பெரிய மனுஷங்க பரிமாறும்போது இலையை விட்டு எந்திரிக்கிறது மரியாதையா? நான் கையைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள அவ போயிட்டா. வாசல்ல வாட்ச்மேன்கிட்ட ஒரு மணி நேரம் நின்னிருக்கா. யாரும்மான்னு கேட்டிருக்கான். சும்மா நிக்கேன்னிருக்கா.

என்ன கேட்டீங்க? அவ சாப்பிட்டாளாவா? யாரு, அக்காவா?

தெரியலையே சார். நான் கேக்கலையே.

அதுக்கப்புறம் போன் எடுக்க மாட்டேங்கிறா. ஒரு மாசம் ஆச்சு. அதான் சேலை எடுத்துட்டுக் கிளம்பினேன். கால்ல விழுந்துரணும். இன்னைக்கு ரெக்கார்டிங்லயும் இதே தலைப்புதான், அங்க எங்க அக்கான்னு சொல்லிரப் போறேன்னு அவகிட்டயே சொல்லிட்டு, முடிஞ்சா அவளையும் கூட்டிட்டுப் போயிரணும். நேத்து பூரா தூக்கம் இல்ல சார் எனக்கு.

சார், என்ன கண்ணைத் துடைக்கிறீங்க? தூசியா? இல்ல, அழுறீங்க. எந்த இடத்துல வந்துச்சு உங்களுக்கு? சொல்லுங்க சார், கூச்சப்படாதீங்க. வாசல்ல நின்னாளே அதுவா, செத்துப்போனவன்னாளே அதுவா? ரெண்டும்தானா? எனக்கும் சொல்லும்போதே அங்க குரல் தானா இறங்குச்சு, கவனிச்சீங்களா? நான் இறக்கல, அதுவா இறங்குச்சு.

அடடா. இது இவ்வளவு வேலை செய்யும்னு தெரியாமப் போச்சே. அம்மா கதைக்குக் கூட ஆம்பளைங்க இப்படி அழுது பார்த்ததில்ல.

ஒண்ணு தோணுது சார், சரியா இருக்கான்னு பாருங்க. இன்னைக்கு நான் அணி மாறிட்டா என்ன? லூர்துமேரி டீச்சர்கிட்ட போன்ல ஒரு வார்த்தை சொன்னா மாத்திக்குவாங்க. நான் தூற்றத்தக்கவனேன்னு பேசுறேன். கடைசியில குரலை இறக்கி, “எனக்குத் தெரிஞ்ச ஒரு பேச்சாளர் இருந்தான்”னு ஆரம்பிக்கிறேன். அவனுக்கு ஒரு அக்கா. உயிரோட இருக்கிற அக்கா படத்துக்கு மாலை போட்ட பாவி. அப்படியே கொண்டுபோயி, நான் செத்துப்போனவங்கிற இடத்துல நிறுத்திட்டு உட்கார்ந்துரணும். அக்கான்னு சொன்ன மாதிரியும் ஆச்சு, அவ கேட்டது அதான? யாரு என்னன்னு எவனும் கேக்க மாட்டான். ஞானசிகாமணி மூஞ்சியை அப்ப பார்க்கணும்!

என்ன? ஆலங்குளமா? அதுக்குள்ளயா?

மணி என்ன சார்? பதினொண்ணே காலா. இறங்கினா அவ அழுவா, நான் அழுவேன், பேச்சித்தாய் கீச்சித்தாய்னு தெருவே கூடிரும். இதை ஒரு தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்காம மேடை ஏற முடியாது. இன்னொரு நாள் வந்துக்கலாம். அவ எங்க போயிரப் போறா? கண்டக்டர், இங்க பாருங்க, எனக்குத் திருநெல்வேலி வரைக்கும் ஒரு டிக்கெட் போட்டுருங்க.

நீங்க எந்திரிக்கிறீங்க? இங்கதான் இறங்கணுமா? ஆலங்குளத்துக்காரரா நீங்க? இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே சார்!

அப்ப ஒரு உபகாரம். இந்தப் பையைப் பிடிங்க. மேலத் தெரு, வேப்பமரத்துக்கு எதுத்த ஓட்டு வீடு, ஆவுடைன்னா யாரும் காட்டுவாங்க. குடுத்துருங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். யாரு குடுத்தான்னு கேட்டா...

தம்பின்னு... வேண்டாம் சார், பேச்சித்தாய் நிப்பா, நாலு பேர் நிப்பாங்க. தெரிஞ்சவங்க ஒருத்தங்க குடுத்தாங்கன்னு சொல்லுங்க. அவளுக்குப் புரியும்.